பிணைய ஒப்புருவாக்கியில் திசைவியின் நெரிசல் பின்னூட்டச் செய்திகள்

நெரிசல் பின்னூட்டச் செய்தி என்பது, தன்னிடம் வந்து சேரும் தரவின் அளவு தன்னால் வெளியே அனுப்ப இயலும் அளவை மீறும்போது, வேகத்தைக் குறைக்கும்படி ஒரு திசைவி அனுப்புநர் கணினிக்குத் தெரிவிக்கும் அறிவிப்பாகும். நடைமுறையில் ரூட்டர் என்று அழைக்கப்படும் கருவியே திசைவி. இந்த அறிவிப்பு எவ்வழியே செல்கிறது, எவ்வளவு நேரத்தில் சேர்கிறது, சேர்ந்தபின் என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது என்பவற்றை உண்மையான கருவிகள் இன்றி மென்பொருளிலேயே ஆராயலாம். இதுவே பிணைய ஒப்புருவாக்கம் எனப்படுகிறது. இதற்கான சிமுலேட்டர் மென்பொருள்களில் என்எஸ்-2, என்எஸ்-3 ஆகியவை பல்கலைக்கழகங்களில் பரவலாகப் பயன்படும் கட்டற்ற மென்பொருள்களாகும்.

இத்தகைய ஒப்புருவாக்கத்தின் முடிவு நம்பத்தக்கதா என்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சார்ந்துள்ளது. பின்னூட்டச் செய்தியும் மற்றப் பொதிகளைப் போலவே இடம் பிடிக்கும், நேரம் எடுக்கும், வழியில் தொலையும் ஒரு பொதியாக ஒப்புருவாக்கப்பட்டுள்ளதா என்பதே அது. அவ்வாறு செய்யாத நிரலில், இணையம் கைவிட்ட ஒரு முறைகூட மிகச் சிறந்த முறையாகத் தோன்றிவிடும்.

வரலாற்றுப் பின்னணி

1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 792 ஆவணம், ஐசிஎம்பி எனப்படும் இணையக் கட்டுப்பாட்டுச் செய்தி நெறிமுறையை வரையறுத்தது. அதில் வகை எண் 4 கொண்ட செய்தி "சோர்ஸ் குவென்ச்" ஆகும். இதைத் தமிழில் மூலத் தணிப்புச் செய்தி எனலாம். நினைவகம் போதாமல் ஒரு பொதியைக் கைவிடும் திசைவி, அப்பொதியை அனுப்பிய கணினிக்கு இச்செய்தியை அனுப்பலாம். கொள்ளளவு நிரம்பும் வரை காத்திராமல், நிரம்பும் நிலையை நெருங்கும்போதே அனுப்பவும் அந்த ஆவணம் இடமளித்தது.

1986 அக்டோபரில் இணையம் முதன்முறையாகக் கடும் நெரிசல் சரிவுகளைச் சந்தித்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான தொலைவு சுமார் 400 கெஜம் மட்டுமே. அவற்றுக்கிடையே நொடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த கடத்துவீதம் நொடிக்கு 40 பிட்டாக வீழ்ந்தது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரையே இன்றைய டிசிபி நெரிசல் கட்டுப்பாட்டின் அடிப்படை. அவரது முறையில் திசைவி தனியாக எதையும் சொல்வதில்லை. பொதி தொலைந்தது என்பதையே நெரிசலின் அறிகுறியாக அனுப்புநர் எடுத்துக்கொள்கிறார்.

அதே 1988இல் கே. கே. ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயின் ஆகியோர் டெக்பிட் என்ற முறையை முன்வைத்தனர். இதில் திசைவி புதிய செய்தி எதையும் உருவாக்காது. தன் வழியே செல்லும் பொதியின் தலைப்பகுதியில் ஒரு பிட்டை மட்டும் மாற்றும். பெறுநர் அதைக் கண்டு, ஒப்புகையின் வழியே அனுப்புநருக்குத் தெரிவிப்பார். 1993இல் சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் ரெட் என்னும் வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டனர். 1994இல் ஃபிளாய்ட் வெளிப்படையான நெரிசல் அறிவிப்பை டிசிபியில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை ஒப்புருவாக்கம் வழியாக ஆராய்ந்தார். ஈசிஎன் எனப்படும் இம்முறை 2001 செப்டம்பரில் ஆர்எஃப்சி 3168 ஆகத் தரப்படுத்தப்பட்டது.

மூலத் தணிப்பு எதிர்த்திசையில் நகர்ந்தது. திசைவிகள் அதை உருவாக்க வேண்டாம் என 1995இல் ஆர்எஃப்சி 1812 பரிந்துரைத்தது. 2012 மேயில் ஆர்எஃப்சி 6633 அதை முறைப்படி விலக்கியது.

இருவகைப் பின்னூட்டம்

மூலத் தணிப்பு பின்னோக்கிய பின்னூட்டம் ஆகும். நெரிசல் ஏற்பட்ட இடத்திலிருந்து செய்தி நேராக அனுப்புநரை நோக்கித் திரும்பிச் செல்கிறது. ஈசிஎன் முன்னோக்கிய பின்னூட்டம் ஆகும். குறியிடப்பட்ட பொதி பெறுநர் வரை சென்று, பின்னர் ஒப்புகையின் வழியே தகவல் திரும்புகிறது.

பின்னோக்கிய முறையின் கவர்ச்சி வேகம். முன்னோக்கிய முறையின் வலிமை சிக்கனம். ஏற்கெனவே சென்றுகொண்டிருக்கும் பொதியில் இரு பிட்டுகளை மட்டுமே அது பயன்படுத்துகிறது. நெரிசல் வேளையில் புதிய பொதி எதையும் பிணையத்தில் சேர்ப்பதில்லை. இவ்விரண்டில் எது மேலானது என்பதை அளந்து காட்டுவதே பெரும்பாலான மாணவர் ஆய்வுகளின் நோக்கம்.

செய்தியின் அமைப்பு

மூலத் தணிப்புச் செய்தியில் நான்கு பகுதிகள் உள்ளன.

1. புதிய ஐபி தலைப்பகுதி: 20 பைட்
2. ஐசிஎம்பி தலைப்பகுதி (வகை 4, குறியீடு 0, சரிபார்ப்புத்தொகை, பயன்படாத 32 பிட்டுகள்): 8 பைட்
3. சிக்கலுக்குக் காரணமான பொதியின் ஐபி தலைப்பகுதி: 20 பைட்
4. அப்பொதியின் தரவில் முதல் 64 பிட்டுகள்: 8 பைட்

மொத்தம் 56 பைட். கடைசி 8 பைட் மிக முக்கியமானது. டிசிபி பொதியாயின் அனுப்பும் துறை எண், பெறும் துறை எண், தொடர் எண் ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். இவற்றைக் கொண்டுதான் எந்த இணைப்பு வேகத்தைக் குறைக்க வேண்டும் என அனுப்புநர் கணினி அறிகிறது. ஒப்புருவாக்கத்தில் இந்த 8 பைட்டை விட்டுவிட்டு, "இக்கணினிக்கு நெரிசல்" என்று மட்டும் தெரிவித்தால், அக்கணினியின் எல்லா இணைப்புகளும் ஒருசேர வேகம் குறையும். அது மூலத் தணிப்பு அல்ல, வேறொரு நெறிமுறை.

மாதிரிப் பிணையம்

தொடக்க ஆய்வுகளில் இரட்டைக் குமிழ் வடிவப் பிணையம் வழக்கமாகப் பயன்படுகிறது. இடப்பக்கம் சில அனுப்புநர்கள், வலப்பக்கம் அதே எண்ணிக்கையில் பெறுநர்கள், நடுவில் இரு திசைவிகள். ஓரத்து இணைப்புகள் ஒவ்வொன்றும் நொடிக்கு 100 மெகாபிட், 2 மில்லிவிநாடித் தாமதம் என்றும், திசைவிகளுக்கிடையே உள்ள குறுகிய இணைப்பு நொடிக்கு 10 மெகாபிட், 20 மில்லிவிநாடித் தாமதம் என்றும் கொள்வோம்.

சென்று திரும்பும் அடிப்படை நேரம் இருமடங்கு (2 + 20 + 2), அதாவது 48 மில்லிவிநாடி. இந்நேரத்தில் குறுகிய இணைப்பு கொள்ளும் தரவு 480,000 பிட், அதாவது 60,000 பைட். 1500 பைட் பொதிகளாயின் 40 பொதிகள். ஆகவே முதல் திசைவியின் வரிசைக்கு 40 பொதிக் கொள்ளளவு தருவது பொருத்தமான தொடக்கம். வரிசை முழுதும் நிரம்பினால், கடைசியில் நிற்கும் பொதி மேலும் 48 மில்லிவிநாடி காத்திருக்கும்.

இப்போது பின்னூட்டத்தின் வேகத்தைக் கணக்கிடலாம். முதல் திசைவி மூலத் தணிப்பு அனுப்பினால் 2 மில்லிவிநாடியில் அனுப்புநரை அடையும். ஈசிஎன் குறி, பொதி வரிசையில் சேரும்போதே இடப்பட்டால், நிரம்பிய வரிசையில் 48 மில்லிவிநாடி காத்திருந்து, பின் பெறுநர் வரை 22 மில்லிவிநாடியும், திரும்பி வர 24 மில்லிவிநாடியும் பயணித்து, மொத்தம் 94 மில்லிவிநாடியில் சேரும்.

2 எங்கே, 94 எங்கே! இந்த ஒரு கணக்கைப் பார்த்தே பலர் மூலத் தணிப்பே மேல் என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். ஆனால் இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி பிணைய வடிவத்தால் விளைந்தது. இரட்டைக் குமிழில் நெரிசல் ஏற்படும் திசைவி அனுப்புநருக்கு மிக அருகில் உள்ளது. செய்தி திரும்பும் வழியோ நெரிசலே இல்லாத 100 மெகாபிட் இணைப்பு. அவ்வழியில் செய்தி தாமதமடையவோ தொலையவோ வாய்ப்பே இல்லை.

எனவே இரண்டாவது பிணையம் ஒன்றும் தேவை. மூன்று திசைவிகளை வரிசையாக இணைத்து, 10 மெகாபிட் குறுகிய இணைப்பை இரண்டாவது, மூன்றாவது திசைவிகளுக்கிடையே வைக்க வேண்டும். முதல், இரண்டாவது திசைவிகளுக்கிடையே 20 மெகாபிட் இணைப்பை அமைத்து, அதன் எதிர்த்திசையில் வேறு கணினிகளின் போக்குவரத்தை ஓடவிட வேண்டும். இப்போது மூலத் தணிப்புச் செய்தியும் நெரிசலான ஒரு வரிசையில் நின்றுதான் திரும்ப முடியும். அங்கு 40 பொதிகள் நின்றால் 24 மில்லிவிநாடி கூடும். இடமில்லாவிட்டால் செய்தியே கைவிடப்படும்.

ஈசிஎன் ஒப்புகைகளும் இதே வரிசையைக் கடக்க வேண்டும். ஆனால் அனுப்புநர் வேகத்தைக் குறைத்துவிட்டதைத் தெரிவிக்கும் வரை, பெறுநர் தன் ஒவ்வோர் ஒப்புகையிலும் நெரிசல் குறியைத் தொடர்ந்து இடுவார். ஓர் ஒப்புகை தொலைந்தாலும் அடுத்தது தகவலைக் கொண்டுவரும். மூலத் தணிப்பில் இப்படி மீண்டும் சொல்லும் ஏற்பாடு இல்லை. தொலைந்த செய்தி தொலைந்ததுதான்.

என்எஸ்-3இல் திசைவிப் பகுதி

என்எஸ்-3இன் முதல் பதிப்பு 2008இல் வெளியானது. அதன் ஐசிஎம்பி பகுதியில் எதிரொலி வேண்டல், எதிரொலி மறுமொழி, இலக்கை அடைய இயலாமை, நேரம் கடந்தமை ஆகிய வகைகள் உள்ளன. மூலத் தணிப்பு இல்லை. ஆய்வாளரே அதைச் சேர்க்க வேண்டும். இதற்கு நேரம் கடந்தமைச் செய்தியை அனுப்பும் செயற்கூறு நல்ல முன்மாதிரி. அதுவும் மூலப்பொதியின் ஐபி தலைப்பகுதியையும் முதல் 8 பைட்டையும் இணைத்தே அனுப்புகிறது. அதைப் பின்பற்றி வகை எண் 4 கொண்ட புதிய செயற்கூறு ஒன்றை எழுதலாம்.

அடுத்து, இச்செயற்கூற்றை எப்போது அழைப்பது என்பது தீர்மானிக்கப்பட வேண்டும். என்எஸ்-3இல் ஐபி அடுக்குக்கும் பிணைய அட்டைக்கும் இடையே போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அடுக்கு உள்ளது. ரெட், கோடெல், பை போன்ற வரிசை முறைகள் இங்கேயே இயங்குகின்றன. ஒரு பொதி கைவிடப்படும்போதும் குறியிடப்படும்போதும் இந்த அடுக்கு தடமறி நிகழ்வுகளை எழுப்புகிறது. அவற்றோடு நமது செயற்கூற்றை இணைக்கலாம். இந்த அடுக்கில் பொதியும் அதன் ஐபி தலைப்பகுதியும் தனித்தனியே இருக்கும் என்பதால், மூலப்பொதியின் விவரங்களை எடுப்பது எளிது.

இப்பகுதியில் கவனிக்க வேண்டியவை:

- ஐசிஎம்பி பிழைச் செய்தி ஒன்று கைவிடப்பட்டால், அதற்காக இன்னொரு ஐசிஎம்பி பிழைச் செய்தி அனுப்பக் கூடாது. இவ்விதியை மறந்தால் செய்திகள் செய்திகளைப் பெற்றெடுக்கும்.
- பல்முகவரிப் பொதிகளுக்கும், துண்டாக்கப்பட்ட பொதியின் முதல் துண்டு தவிர்ந்த மற்றத் துண்டுகளுக்கும் அனுப்பக் கூடாது.
- வரிசையில் பொதியைச் சேர்க்கும் செயற்கூற்றின் நடுவிலேயே புதிய பொதியை அனுப்ப முயன்றால், அது அதே வரிசைக்குள் மறுபடி நுழைய நேரலாம். அனுப்பும் பணியை உடனடி நிகழ்வாகத் தனியே பதிந்துவிடுவது பாதுகாப்பானது.
- ஒரு நொடிக்கு அனுப்பத்தக்க செய்திகளுக்கு உச்சவரம்பு இருக்க வேண்டும். மூலத் தணிப்பை அனுப்பும் எந்தத் திசைவிக்கும் இவ்வசதி கட்டாயம் என்று ஆர்எஃப்சி 1812 கூறுகிறது.

என்எஸ்-3இல் அனுப்புநர் பகுதி

அனுப்புநர் கணினியின் ஐசிஎம்பி பகுதி, வகை 4 செய்தியை அறிந்து, உள்ளிருக்கும் துறை எண்களை டிசிபி அடுக்குக்குக் கொடுக்க வேண்டும். டிசிபி அடுக்கு உரிய இணைப்பைக் கண்டுபிடித்துச் செய்தியை அதனிடம் ஒப்படைக்கும். இதற்கான பாதை என்எஸ்-3இல் ஏற்கெனவே உள்ளது. ஆனால் செய்தி வந்தபின் நெரிசல் சாளரத்தைக் குறைக்கும் நிரல் இல்லை. அதை நாம் எழுத வேண்டும்.

எவ்வளவு குறைப்பது? பழைய பிஎஸ்டி யுனிக்ஸ் நிரல் சாளரத்தை ஒரே ஒரு பொதியளவுக்குக் குறைத்தது. 1989இன் ஆர்எஃப்சி 1122 ஆவணமும், மறுஅனுப்பல் நேரம் கடந்ததைப் போலக் கருதி மெதுவான தொடக்கத்துக்குச் செல்லப் பரிந்துரைத்தது. ஈசிஎன் முறையிலோ மரபான டிசிபி சாளரத்தைப் பாதியாக்குகிறது. வரலாற்று நடத்தையை ஆராய்வதாயின் முதல் வழியையும், பின்னூட்ட வழிகளை மட்டும் ஒப்பிடுவதாயின் பாதியாக்கும் வழியையும் தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தோம் என்பது அறிக்கையில் தெளிவாக இருக்க வேண்டும்.

ஒரு சுற்று நேரத்துக்குள் ஒருமுறைக்கு மேல் குறைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. ஒரே நெரிசலில் பல பொதிகள் சிக்கும், பல செய்திகள் வரும். ஒவ்வொன்றுக்கும் பாதியாக்கினால் 40 பொதிச் சாளரம் மூன்றே செய்திகளில் 5 ஆகிவிடும். சாளரத்தைக் குறைக்கும் நேரத்தில் அடுத்து அனுப்பவுள்ள தொடர் எண்ணைக் குறித்துவைத்து, அதற்கு முந்தைய தொடர் எண்ணுடன் வரும் செய்திகளைப் புறக்கணித்தால் இது தீரும்.

சமமான ஒப்பீடு

நிரம்பினால் மட்டும் கைவிடும் எளிய வரிசையில் மூலத் தணிப்பையும், ரெட் வரிசையில் ஈசிஎன்னையும் ஓட்டி ஒப்பிடுவது அடிக்கடி நேரும் தவறு. அப்போது கிடைக்கும் வேறுபாடு பின்னூட்ட வழியால் வந்ததா, ரெட் முன்கூட்டியே எச்சரித்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது.

இரண்டிலும் ரெட் வரிசையையே பயன்படுத்த வேண்டும். ரெட் தன் சராசரி வரிசை நீளத்தைக் கணித்து, கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் இடையே இருக்கும்போது சில பொதிகளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும். என்எஸ்-3இல் இவ்வரம்புகளின் இயல்பு மதிப்புகள் 5, 15 பொதிகள். தேர்ந்தெடுக்கப்பட்ட பொதிக்கு ஒரு சோதனையில் ஈசிஎன் குறியும், மற்றொன்றில் மூலத் தணிப்புச் செய்தியும் உருவாக்கப்பட வேண்டும். தீர்மானம் ஒன்றே, அதைத் தெரிவிக்கும் வழி மட்டும் வேறு.

என்எஸ்-3இல் ஈசிஎன் வசதி வரிசையிலும் டிசிபியிலும் தனித்தனியே இயக்கப்பட வேண்டும். டிசிபியில் அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். வரிசையில் மட்டும் இயக்கினால் குறி இடப்படாது, பொதிகள் கைவிடப்படும். இந்த வரிசை முறைகளையும் ஈசிஎன்னையும் என்எஸ்-3இல் சேர்த்ததில் கர்நாடகத்தின் சுரத்கல்லில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தினருக்கும் பங்குண்டு.

பின்னூட்டத்தின் விலை

10 மெகாபிட் இணைப்புக்கு 20 மெகாபிட் யூடிபி போக்குவரத்து வருவதாகக் கொள்வோம். 1500 பைட் பொதிகளாயின் நொடிக்குச் சுமார் 833 பொதிகள் கைவிடப்படும். ஒவ்வொன்றுக்கும் 56 பைட் செய்தி அனுப்பினால் எதிர்த்திசையில் நொடிக்கு 373 கிலோபிட் செலவாகும். இது பெரிய சுமையன்று.

அதே போக்குவரத்து 100 பைட் பொதிகளாக வந்தால் நொடிக்கு 12,500 பொதிகள் கைவிடப்படும். செய்திகள் மட்டுமே நொடிக்கு 5.6 மெகாபிட்டைத் தின்றுவிடும். நெரிசலைத் தணிக்கப் பிறந்த செய்தி எதிர்த்திசையில் புதிய நெரிசலை உண்டாக்குகிறது. யூடிபி தானாக வேகத்தைக் குறைக்காது என்பதால், செயலி கவனித்து நடந்தாலன்றி இவ்வளவு செலவுக்கும் பயன் ஏதுமில்லை. பொதியின் அளவை 100 முதல் 1500 பைட் வரை மாற்றி மாற்றி ஓட்டினால் இவ்வுறவு ஒரே வரைபடத்தில் தெளிவாகத் தெரியும்.

அளவிட வேண்டியவை

கடத்துவீதம் மட்டும் போதாது. வரிசைத் தாமதம், கைவிடப்பட்ட பொதிகள், மறுஅனுப்பல்கள், உருவான பின்னூட்டச் செய்திகள், அவற்றுள் உண்மையில் அனுப்புநரைச் சேர்ந்தவை ஆகியவற்றையும் பதிய வேண்டும். கடைசி இரண்டுக்கும் உள்ள இடைவெளியே மூலத் தணிப்பின் நம்பகத்தன்மையைக் காட்டும்.

பங்கீட்டின் நேர்மையை ஜெயின் குறியெண்ணால் அளக்கலாம். எல்லா இணைப்புகளின் கடத்துவீதக் கூட்டுத்தொகையின் வர்க்கத்தை, இணைப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிய வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இரு இணைப்புகள் 8, 2 மெகாபிட் பெற்றால் 100ஐ 136ஆல் வகுக்க, சுமார் 0.74 கிடைக்கும். சமமாகப் பெற்றால் விடை 1.

பொதுவான பிழைகள்

- பிணைய அட்டைக்குள் இருக்கும் இன்னொரு வரிசையை மறத்தல். என்எஸ்-3இன் நேரிணைப்பு அட்டையில் இயல்பாக 100 பொதிகள் நிற்கும். மேலுள்ள ரெட் வரிசை காலியாகத் தெரியும்போதே கீழே நெரிசல் மறைந்திருக்கும். அட்டை வரிசையை ஒரு பொதியாகக் குறைக்க வேண்டும்.
- அனுப்புநரின் செயற்கூற்றைத் திசைவி நேரடியாக அழைத்தல். நிரல் சுருங்கும், ஆனால் செய்திக்குத் தாமதமும் இழப்பும் இல்லாமல் போகும்.
- ஒரே தற்செயல் விதையுடன் ஒருமுறை மட்டும் ஓட்டுதல். ரெட் தற்செயல் தேர்வைச் சார்ந்தது. பல ஓட்டங்களின் சராசரியும் பரவலும் தேவை.
- தொடக்க நொடிகளையும் கணக்கில் சேர்த்தல். எல்லா இணைப்புகளும் ஒரே கணத்தில் தொடங்கினால், வழக்கமான நிலைக்கு மாறான அலைவு தோன்றும்.

பாதுகாப்பு

மூலத் தணிப்பு கைவிடப்பட்டதற்கு அதன் வேகமோ செலவோ மட்டும் காரணமன்று. அச்செய்தியை யார் வேண்டுமானாலும் போலியாக உருவாக்கலாம். இணைப்பின் முகவரிகளையும் துறை எண்களையும் ஊகித்த ஒருவர், இடையில் இல்லாமலேயே அந்த இணைப்பை முடக்கலாம். பிணையத்தின் ஓரத்தில் ஒரு கணுவைச் சேர்த்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை போலிச் செய்தி அனுப்பச் செய்தால் இதை எளிதில் காணலாம். செய்தியிலுள்ள தொடர் எண், அனுப்பப்பட்டு இன்னும் ஒப்புகை பெறாத தரவுக்குள் வருகிறதா எனச் சோதிப்பது தாக்குதலைக் கடினமாக்கும். இத்தாக்குதல்களை 2010இல் ஆர்எஃப்சி 5927 விவரித்தது. அதற்கு முன்னரே பெரும்பாலான இயங்குதளங்கள் இச்செய்தியைப் புறக்கணிக்கத் தொடங்கிவிட்டன.

இன்றைய நிலை

இணையத்தில் மூலத் தணிப்பு மறைந்தாலும் பின்னோக்கிய பின்னூட்டம் என்ற கருத்து மறையவில்லை. தரவு மையங்களின் ஈதர்நெட் பிணையங்களுக்காக 2010இல் வந்த ஐஇஇஇ 802.1கியூஏயு தரத்தில், நெரிசலுற்ற சுவிட்ச் நேரடியாக அனுப்புநருக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கு தொலைவு குறைவு, பிணையம் முழுதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ளது என்பதால் போலிச் செய்தி, தொலைந்த செய்தி ஆகிய சிக்கல்களின் தன்மையே வேறு. மறுபுறம், 2023 சனவரியில் வெளியான எல்4எஸ் கட்டமைப்பு ஈசிஎன் பிட்டுகளையே இன்னும் நுட்பமாகப் பயன்படுத்துகிறது.

ஆகவே எந்த முறை மேலானது என்பதற்குப் பொதுவான ஒரே விடை இல்லை. நெரிசல் எங்கே நிகழ்கிறது, திரும்பும் வழி எப்படிப்பட்டது, செய்தியை நம்பலாமா என்பவற்றைப் பொறுத்தே விடை மாறும். மேலே கண்ட இரு பிணையங்களிலும் ஒரே நிரலை ஓட்டிப் பார்க்கும் மாணவர், முதலாவதில் வென்ற முறை இரண்டாவதில் அந்த நன்மையை எவ்வளவு இழக்கிறது என்பதை எண்களோடு காட்ட முடியும். அதற்கு முதல் தேவை, பின்னூட்டச் செய்தியையும் வரிசையில் நிற்க வைப்பதே.